பன்னிரண்டாவது நாற்காலி

அத்தியாயம் பதினான்கு

புருஷன் இஞ்ஞாசியின் கால்களை அன்று காலையில் மூன்றாவது முறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள் அருளாயி.

தெருக்குழாய் ஓரம் துவைகல்லின் மேல் மனிதர் உட்கார்ந்திருந்தார். கீழே குத்தவைத்து, ஒரு கையில் பீர்க்கங்கூடும் மறு கையில் எலுமிச்சம்பழ மூடியுமாக அவள் தேய்த்த தேய்ப்பில் கொலுசு அணியாத அவள் கால்களும் சேர்ந்து ஆடின.

"போதும்டி. எலும்பு வெளிய வந்துரும்."

"வரட்டும். சாயங்காலம் கோயில்ல அம்புட்டுப் பேரும் பாக்குற காலு. சுண்ணாம்புக் குழியில நிக்கிறவன் காலு மாதிரியா இருக்கணும்?"

"சுண்ணாம்புக் குழியில நிக்கிறவன் காலுதானே இது?"

"வாயை மூடிக்கிட்டு அந்தக் காலைக் குடுங்க."

முப்பத்தொரு வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில் நின்ற கால்கள். நகங்கள் மஞ்சளேறிப் போயிருந்தன. குதிகாலில் கோடை வயல் மாதிரி வெடிப்பு. மூன்று தேய்ப்பில் போகிற நிறமில்லை அது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பிரகாசிக்கு அது தெரியும். ஆனால் அம்மாவைத் தடுக்கவில்லை. இந்த நாளுக்காகச் சண்டை போட்டவளே பிரகாசிதான்.

போன மாசி மாதப் பங்குக் கூட்டத்தில் எழுந்து நின்று அவள் கேட்ட கேள்வியை ஊர் இன்னும் மறக்கவில்லை. "சீடருங்கள்ல பாதிப்பேரு மீன் பிடிச்சவங்க. நம்ம கோயில்ல மட்டும் பெரிய வியாழனன்னிக்குக் கால் கழுவ உக்கார்றவங்க, மணியடிச்ச தாத்தா போக மத்த எல்லாரும் எப்படி சார் கடை வச்சிருக்காங்க?"

தெருவில் முதல் பட்டதாரி. அரசு மகளிர் கல்லூரியில் கணிதம் படித்தவள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் நானூறு ரூபாய்க்கு உட்கார்ந்திருக்கிறவளுக்கு இம்புட்டு வாயா என்று அன்று பேசிக்கொண்டார்கள். ஆனால் புதுப் பங்குச்சாமி பவுல்ராஜ் அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டார். போன ஞாயிறு பூசை முடிந்து நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். "இஞ்ஞாசி, இந்த வருசம் பன்னெண்டு பேர்ல நீங்களும் உக்காருங்க" என்றார். கோயிலில் மணியடித்த தாத்தா ஐப்பசியில் இறந்துபோனதால் ஓர் இடம் காலி.

அன்றிலிருந்து அப்பா சரியாகத் தூங்கவில்லை. சந்தோஷம் என்றுதான் பிரகாசி நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவைப் புரிந்துகொள்வது அத்தனை சுலபமில்லை. வேலை முடிந்து பேகம்பூர் வழியாக மிதித்தால் வீட்டுக்குப் பத்து நிமிஷம். அவரோ பிரகாசிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஊரைச் சுற்றி அரைமணி நேரம் சைக்கிள் மிதித்துத்தான் வருவார். ஏன் என்று கேட்டால், "காத்து நல்லா வருது" என்பார். தோல்ஷாப்பு ஓடையோரம் என்ன காற்று வருமோ!

சைக்கிள் மணி கேட்டது. அண்ணன் ஆனந்த்ராஜ். ராயப்பராஜின் பூட்டுக்கடையில் விற்பனையாளன். கோயில் கமிட்டிச் செயலாளரும் ராயப்பராஜ்தான். வத்தலக்குண்டில் திறக்கப்போகும் கிளைக்கு ஆனந்த்ராஜைப் பொறுப்பாக வைப்பதாகச் சொல்லியிருந்தார். அண்ணனின் கல்யாணப் பேச்சு அந்த ஒரு சொல்லில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏ பிரகாசி, இந்தா. சாயங்காலம் நீ மைக்ல வாசிக்க வேண்டியது. மொதலாளி டைப் அடிச்சுக் குடுத்திருக்காரு."

கடைசி இராவுணவில் இயேசு செய்ததுபோல் பன்னிரண்டு பேரின் பாதத்தைச் சாமி கழுவும் சடங்குக்கான முன்னுரை. மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள் என்பதால் வருஷா வருஷம் வாசிப்பது அவள்தான். எழுதுவது மட்டும் கமிட்டி.

நின்ற இடத்திலேயே படித்தாள்.

மலர் அலங்காரம் உபயம் இன்னார், நிலக்கோட்டையிலிருந்து இரண்டு கூடை மல்லிகை. ஒலி ஒளி உபயம் இன்னார். துண்டு உபயம் இன்னார். பிறகு ஒவ்வொரு நாற்காலியாக: சீடர் பேதுருவாக அமர்ந்திருப்பவர் பூட்டு வணிகச் செம்மல் திருமிகு ராயப்பராஜ். சீடர் யோவானாக அமர்ந்திருப்பவர் அரிசி மண்டி உரிமையாளர்... இப்படியே பதினொன்று. கடைசி வரி: 'மற்றும் ஒருவர்.'

"அண்ணே, அப்பா பேரு எங்க?"

"அது... தாள்ல எடமில்லையாம்."

"இஞ்ஞாசி. நாலெழுத்துக்கு எடமில்லையா? 'பூட்டு வணிகச் செம்மல்'னு அடிக்க மட்டும் எடமிருக்கு?"

"எழுதுனதை வாசியேன்! ஒரே ஒருநாள் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு பிரகாசி. எனக்காக."

அவள் மறுபடியும் தாளைப் பார்த்தாள். இந்த முறை வேறு ஒன்றைத் தேடினாள். முதலில் கண்ணால். பிறகு விரல் வைத்து, வரி வரியாக.

"என்னடி தேடுற?" என்றாள் அருளாயி, ஈரக் கையோடு.

"இயேசுவைத் தேடுறேன்மா. தாள்ல அவரு பேரே இல்ல."

"போடி, கிறுக்கி."

"நீயே வந்து பாரு. 'ஆண்டவர்'னு ஒரு எடத்துல வருது. ஆண்டவர் அருளால் தொழில் வளம் பெற்ற அரிசி மண்டி உரிமையாளராம். அம்புட்டுத்தான். யாரு காலைக் கழுவுறாங்கன்னு பதினோரு பேரு போட்டிருக்கு. கழுவுறது யாருன்னு போடவே இல்ல."

இஞ்ஞாசி சத்தமாகச் சிரித்துவிட்டார். சிரித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டு, தன் கால்களையே பார்த்தார்.

*

பகல் பன்னிரண்டு மணி வெயிலில் தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. வீட்டில் உட்கார முடியவில்லை அவளுக்கு. மைக்கைச் சரிபார்க்கிறேன் என்று கோயிலுக்கு நடந்தாள்.

பீடத்துக்கு முன்னால் மக்களைப் பார்த்தபடி பன்னிரண்டு நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. வீடியோக்காரன் ஒருவன் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான். தரையில் உட்காரும் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் நாற்காலிகளின் முன்பக்கம்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அவள் அப்படித்தான் பார்த்திருந்தாள். எப்போதும் பெண்கள் பக்கமே நிற்கும் மைக் இந்த வருஷம் பீடத்தை ஒட்டி, நாற்காலி வரிசையின் பக்கவாட்டில் இருந்தது. முதன்முறையாக நாற்காலிகளின் முதுகைப் பார்த்தாள்.

ஒவ்வொன்றின் முதுகிலும் அட்டை ஒட்டியிருந்தது. பேதுரு. யோவான். அந்திரேயா. அட்டையெல்லாம் பழசு, ஓரம் மடங்கி, பசை மேல் பசை பூசி. பதினொரு நாற்காலி தேக்கு, மெத்தை வைத்தது. பன்னிரண்டாவது இரும்பு மடக்கு நாற்காலி. அதன் முதுகில் அட்டை இல்லை. அட்டை ஒட்டியிருந்து கிழித்த தடம் மட்டும் இருந்தது.

"என்னம்மா பிரகாசி, ரிகர்சலா?"

ராயப்பராஜ். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, பவுடர் மணம். நல்ல மனிதர் என்றுதான் ஊரில் பேர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுப்பவர்; அவளுக்கும் வாங்கிக் கொடுத்தவர்.

"சார், கடைசி நாற்காலிக்கு மட்டும் ஏன் பேரு இல்ல?"

"ஒட்டினா அப்பாவுக்குச் சங்கடமா இருக்கும்மா. நான்தான் காலையில கிழிக்கச் சொன்னேன்." பெரிய உதவி செய்தவர் போலத்தான் சொன்னார்.

ஒரு விநாடி அவளுக்குப் புரியவில்லை. பிறகு விரல் விட்டு எண்ணிப் பார்க்காமலே புரிந்துவிட்டது. பதினொரு பேர் போக மிச்சம் யார் என்று மறைக்கல்விக்கு வரும் ஆறு வயசுப் பிள்ளை சொல்லும்.

"யூதாசு. காட்டிக்குடுத்தவன்."

"சத்தம் போடாதம்மா. அது ஒரு வழக்கம். எங்க தாத்தா காலத்துல இருந்து பேதுரு எங்க குடும்பத்துக்கு. யோவான் மண்டிக்காரங்களுக்கு. அந்த ஒண்ணுல மட்டும் யாரும் உக்கார மாட்டாங்க. வீட்டுக்கு ஆகாதுன்னு ஒரு நெனப்பு. மணியடிக்கிற தாத்தாவுக்கு வேட்டி துண்டு எடுத்துக் குடுத்து உக்கார வைப்போம். இப்ப அவரும் இல்ல. சாமி உங்க அப்பா பேரைச் சொன்னாரு, நாங்க யாராவது மறுத்தமா?"

"சாமிக்கு இது தெரியுமா?"

"புதுசா வந்தவருக்கு இதெல்லாம் எதுக்கு? ஆனந்துகிட்டச் சொல்லிட்டுத்தான் செஞ்சோம்."



"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அவன் பொழைக்கத் தெரிஞ்ச பையன்" என்றார் ராயப்பராஜ்.

*

வீட்டுக்குள் நுழையும்போது ஆனந்த்ராஜ் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவள் பிளக்கைப் பிடுங்கினாள்.

"உனக்குத் தெரியும்."

அவன் முகத்தைப் பார்த்ததும் மேலே கேட்க ஒன்றுமில்லை.

"தெரிஞ்சுக்கிட்டுதான் அந்தத் தாளைக் கொண்டாந்து என் கையில குடுத்தியா? நம்ம அப்பாவை நானே மைக்ல 'மற்றும் ஒருவர்'னு சொல்லணுமா?"

"நாற்காலி நாற்காலிதானே பிரகாசி? முன்னாடி இருந்து பாக்குறவனுக்கு என்ன தெரியப் போகுது? அப்பா ஆசைப்பட்டாரு. கெடச்சிருக்கு. விடேன்."

"வத்தலக்குண்டு கடைக்கு நீ ஆசைப்பட்ட. அதைச் சொல்லு."

"ஆமா, ஆசைப்பட்டேன்! உனக்கு டிகிரி இருக்கு, வாய் இருக்கு. எனக்கு அந்தக் கடைதான் இருக்கு. இருபத்தெட்டு வயசாச்சு எனக்கு. கூட்டத்துல நீ எந்திரிச்சுப் பேசுறப்பல்லாம் மறுநாள் கடையில ஏச்சு வாங்குறது யாரு?"

அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவள் விடவில்லை. "சாயங்காலம் நான் அந்தத் தாளை வாசிக்கப் போறதில்ல. மைக்லயே சொல்லப்போறேன். எந்த நாற்காலி யாருக்கு, எத்தனை வருசமா, எல்லாத்தையும். நான் என்ன சொல்லணும்னு நானே எழுதிக்கிறேன். அப்பா அதுல உக்காரப் போறதும் இல்ல."

"உக்காருவேன்."

இஞ்ஞாசி உள்ளறை வாசலில் நின்றார். புது வேட்டி. தலையில் எண்ணெய் படிய வாரியிருந்தார். கேட்டுவிட்டார், எல்லாவற்றையும்.

"அப்பா, அது..."

"எனக்குத் தெரியும் ஆத்தா."

"தெரியுமா?"

"பின்ன? முப்பது வருசமா அந்த நாற்காலிகளை ஸ்டோர் ரூம்ல இருந்து தூக்கிப் போடுறவன் யாரு? பேதுரு கனம், ரெண்டு பேரு வேணும். இந்த இரும்பு நாற்காலியை ஒத்தைக் கையில தூக்கிருவேன்."

"தெரிஞ்சுமா சாமிகிட்டச் சரின்னு சொன்னீங்க?"

இஞ்ஞாசி அடுப்படிப் பக்கம் அருளாயியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அது எனக்கு அளவெடுத்துச் செஞ்ச நாற்காலி" என்றார் கடைசியில். "பதினேழு வருசத்துக்கு முன்னாடி நான் ஒண்ணு செஞ்சேன். கேக்காத. இன்னிக்கு என்னால சொல்ல ஏலாது." வேட்டித் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த ராத்திரி ஆண்டவரு யூதாசு காலைக் கழுவுனாரா, தாண்டிப் போனாரா? நீதானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்குற."

பிரகாசி பிடுங்கிய பிளக்கைக் கீழே வைத்தாள். "கழுவுனாரு. அவன் எந்திரிச்சு வெளிய போனது அதுக்கப்புறம்தான்."

"என்ன செய்யப் போறான்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சே."

"அப்ப நான் போறேன்" என்றார் இஞ்ஞாசி. "நீ மைக்ல என்னமும் பேசு. ஆனா நீ பேசி அங்க ஒரு ரகளை ஆச்சுன்னா, எனக்கு வர வேண்டிய தண்ணி வராமப் போயிரும். அதை மட்டும் பாத்துக்க."

*

மாலை ஆறு மணிப் பூசை. வானவர் கீதம் பாடியதோடு மணிகள் ஓய்ந்துவிட்டன. இனி சனிக்கிழமை வரை மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவதுதான். கோயில் நிறைந்து மரத்தடி வரை கூட்டம். மின்விசிறிகள் சுற்றியும் புழுக்கம் குறையவில்லை.

பிரகாசி மைக்கின் முன்னால் நின்றாள். இடது கையில் ராயப்பராஜின் தாள். வலது கையில், மூன்று மணி முதல் நாலரை வரை எழுதி எழுதி அடித்துத் திருத்திய அவளுடைய தாள். அதில் பதினொரு குடும்பத்தின் பெயர்களும் இருந்தன. ஒரு கணக்குப் போல எழுதியிருந்தாள். படித்தால் யாரும் தப்பிக்க முடியாது.

பிரசங்கம் முடிந்தது. பன்னிரண்டு ஆண்களும் வந்து உட்கார்ந்தார்கள். பதினொரு ஜோடிக் கால்களும் வீட்டிலேயே கழுவி, தேய்த்து, பவுடர் போட்டு வந்திருந்தன. ஒருவர் நகத்துக்குப் பாலிஷ்கூடப் போட்டிருந்தார் போலிருந்தது. கடைசியில் அப்பா. ஆஸ்பத்திரியில் கூப்பிடுவதற்காகக் காத்திருப்பவர் மாதிரி, முழங்கால்களுக்கு நடுவே கைகளை இடுக்கிக்கொண்டு.

அருளாயியின் மூன்று தேய்ப்பும் வீண். அந்த மஞ்சள் அங்கிருந்தே தெரிந்தது.

பவுல்ராஜ் சாமி மேலங்கியைக் கழற்றினார். இடுப்பில் துண்டைக் கட்டினார். ரோஜா இதழ் மிதக்கும் தாம்பாளத்தைப் பீடப்பிள்ளைகள் ஏந்தி வந்தார்கள். வீடியோக்காரனின் விளக்கு பளீரென்று ராயப்பராஜின் முகத்தில் விழுந்தது. அவர் மோவாயை உயர்த்தி, கேமராவைப் பார்த்தார். சாமி மண்டியிட்டார். ராயப்பராஜ் காத்திருந்தார், தன் பெயருக்காக. கோயிலே அந்த வழக்கமான வரிக்காகக் காத்திருந்தது.

பிரகாசி இடது கைத் தாளைப் பார்த்தாள். அதில் இவர்கள்.

வலது கைத் தாளைப் பார்த்தாள். அதிலும் இவர்கள்தான். திட்டித் திட்டி எழுதியிருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். விரல் வைத்துத் தேட வேண்டியதே இல்லை. தன் தாளிலும் அவர் பெயர் இல்லை என்பது நின்ற இடத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு தாள்களையும் மடித்து மைக் மேசைக்கு அடியில் போட்டாள்.

"இயேசு பாதம் கழுவுகிறார்" என்றாள்.

அவ்வளவுதான். ராயப்பராஜ் திரும்பி அவளைப் பார்த்தார்.

சாமி இரண்டாவது நாற்காலிக்கு நகர்ந்தார். "இயேசு பாதம் கழுவுகிறார்."

மூன்றாவது. "இயேசு பாதம் கழுவுகிறார்."

கமிட்டிக்காரர் ஒருவர் மைக் பக்கம் வந்து, "தாளு தொலைஞ்சிருச்சா?" என்று கிசுகிசுத்தார். அவள் தலையசைத்தாள், ஆமாம் என்றா இல்லை என்றா, அவருக்கும் புரியவில்லை.

வீடியோக்காரன், "சாமி, காலுக்கு இன்னொருக்கா முத்தம் குடுங்க, லைட்டு விழல" என்றான். சாமி காதில் வாங்காமல் அடுத்த காலுக்குப் போனார்.

சாமி ஐந்தாவது நாற்காலிக்கு வந்தபோது, தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் அவளோடு சேர்ந்தது. மன்றாட்டுக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய்கள். ஏழாவதில் பாதிக் கோயில் சொன்னது. பத்தாவதில் அவள் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. நாற்காலியே கிடைக்காத பெண்கள், இத்தனை வருஷம் முன்பக்கத்தை மட்டுமே பார்த்த பெண்கள், உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டாவது.

இஞ்ஞாசி காலை நீட்டவில்லை. உள்ளே இழுத்துக்கொண்டார். சாமி நிமிர்ந்து பார்த்து, கையை நீட்டியபடியே மண்டியில் காத்திருந்தார். பிறகு மெதுவாக, அந்த மஞ்சள் நகக் கால் தாம்பாளத்துக்கு மேலே வந்தது.

பிரகாசி மைக்கை விட்டு விலகினாள். கோயில் சொன்னது.

தண்ணீர் விழுந்தபோது இஞ்ஞாசி குனிந்தார். சாமியின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் காதில் எதையோ சொன்னார். நீளமாக. கழுவி முடிந்தும் சாமி எழவில்லை. வீடியோக்காரன் விளக்கை அணைத்துவிட்டான்.

*

பூசை முடிந்து மரத்தடியில் செருப்புகளைத் தேடிக்கொண்டிருந்த கூட்டத்தில் ராயப்பராஜ் ஆனந்த்ராஜின் தோளில் கை வைத்தார். கோபமே இல்லாத குரல். "திங்கக்கிழமை கடைச் சாவியைக் கொண்டாந்து குடுத்துருப்பா."

ஆனந்த்ராஜ் தங்கையைப் பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருட்டும் தெருவில் நடந்தான். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

"அண்ணே!"

அவன் திரும்பவில்லை.

இஞ்ஞாசி படிக்கட்டில் உட்கார்ந்து ஈரக்காலைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டிருந்தார். கையில் கோயிலில் கொடுத்த புதுத் துண்டு. பக்கத்தில் பன் பொட்டலத்தோடு அருளாயி.

"ஆத்தா, நாளைக்குக் காலையில சிலுவைப்பாதைக்கு முந்தி எங்கூட ஒரு எட்டு வா."

"எங்கப்பா?"

"பேகம்பூருக்கு. குர்ஷித் பேகம்னு ஒரு அம்மா. அவங்க வீட்டுக்கு."

அருளாயியின் கையிலிருந்த பொட்டலம் நழுவி, பன்கள் மணலில் உருண்டன. "வேணாங்க" என்றாள். "பதினேழு வருசம் கழிச்சு அந்த வாசல்ல போய் நிக்கவா? அவங்க மகன் உங்களை உசுரோட விடுவானா?"

இஞ்ஞாசி குனிந்து பன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். மணலைத் தட்டினார்.

"கழுவியாச்சுல்ல" என்றார். "இனி சுத்துவழியில போக முடியாது."